அம்மாவின் அறைச் சூடு

என் தம்பி லெனாட் ரொறன்ரோவில் இருக்கிறான். அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்ததும், மானிப்பாய் வீட்டில் அவருடைய அறைக்கு ஏசி பூட்டித் தந்தான். நல்லது. அதோடு விட்டானா? லீவில் வந்து நின்றபோது, உள்ளங்கையளவு கொம்பியூற்றர் ஒன்றைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, விரலளவு வெப்பமானியை அதன் யூஎஸ்பி துளையில் செருகிவிட்டுப் போனான். அறைச் சூட்டை அது பதிந்து பதிந்து அவனுக்கு அனுப்புமாம்; அவனுடைய போனில் அது ஒரு கோடாக ஓடுமாம். இருபத்தாறில் இருக்க வேண்டுமாம். அக்காவை நம்ப ஏலாது, அந்தச் சாமானை நம்பலாம்!

அன்று பிடித்தது எனக்குத் தரித்திரம். அவன் போய் இறங்கியதுமே போன் எடுத்தான்.

"அக்கா, முப்பத்தொண்டு காட்டுது. ஏசியை நிப்பாட்டிப்போட்டு எங்கையும் போறியளோ?"

குறைத்தேன். இன்னும் குறைத்தேன். கடைசியில் பதினெட்டில் விட்டேன். சுவெற்றர் போட்டுக்கொண்டுதான் அம்மாவுக்குச் சோறு தீத்தினேன். அவருக்கு மூக்கால் ஓடி, நெஞ்சில் சளி கட்டிவிட்டது. அவனுக்கோ இன்னமும் முப்பத்தொன்று. "தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று அம்மா நடுங்கி நடுங்கிச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர் என்னைத்தான் ஏசினார். "ஏன் பிள்ளை, மனிசியை உறைய வைக்கிறியள்? நிமோனியா வந்தால் இவ தாங்கமாட்டா."

அவர் போனதும் அந்தக் கொம்பியூற்றரைத் தொட்டுப் பார்த்தேன். அடுப்பால் இறக்கின கேத்தில் மாதிரிக் கொதித்தது. வெப்பமானி அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு அந்தச் சூட்டைத்தான் இவ்வளவு நாளும் அளந்திருக்கிறது. உடனே அவனுக்குச் சொன்னேன்.

"உங்களுக்கு உது விளங்காது அக்கா. நல்ல கொம்பனிச் சாமான், பிழை காட்டாது. கை வையாதேங்கோ."

விளங்காதாம்! ஏசியை நிற்பாட்டினேன். யன்னலைத் திறந்தேன். வெப்பமானியைப் பிடுங்கி மேசையில் போட்டேன்.

அம்மாவோடு கதைக்கவென்று ஒருநாளும் எடுக்காதவன், உடனே எடுத்தான்.

"அக்கா, கோடு நிண்டுபோச்சு! என்ன செய்தனீங்கள்?"

"பிடுங்கிப்போட்டன்."

"ஐயோ, திருப்பிச் செருகுங்கோ! அம்மா எப்பிடி இருக்கிறா எண்டு நான் என்னெண்டு அறியிறது?"

எனக்கு வந்த விசருக்குக் கத்திவிட்டேன். "எடேய், அம்மா செத்துக் கிடந்தாலும் உந்தக் கோடு ஓடிக்கொண்டுதான்ரா இருக்கும்! அவவைக் கேட்டனியோ? ஒருக்கால் எண்டாலும் அவவைக் கேட்டனியோ?"

  

"அம்மாட்டைக் குடுங்கோ" என்றான்.

போனை அம்மாவின் காதில் பிடித்தேன். இரண்டு போர்வைக்குள் கிடந்தவர், இருமி முடியும்வரை அவனைக் காக்க வைத்தார்.

"மோனை, அங்கை சரியான குளிராமே? நல்லாப் போத்திக்கொண்டு படுக்கிறனியோ?"