இடுப்பில் இறுக்கிய துண்டு

வயிற்றுத் தழும்பைச் சரிசெய்வது அழகுக்காகச் செய்துகொள்கிற ஆபரேஷன், அதற்குப் பணம் தர முடியாது என்று காப்பீட்டுக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

பாண்டியம்மாளுக்குச் சிரிப்புகூட வரவில்லை. முட்டைக்கோஸ் ஏற்றிய ஜீப் மேல்மலையில் போளூர்ப் பாதையில் கவிழ்ந்தது. அதில் புருஷன் திருமலைச்சாமி போய்ச் சேர்ந்தான். இவளுக்கு வயிற்றைத் திறந்து குடலைத் தைத்தார்கள். காயம் ஆறியும், குனிந்தால் தழும்பு சுருக்குப் போட்டாற்போல் இழுத்தது. குனியாமல் கேரட் பிடுங்குவது எப்படி? இப்போதெல்லாம் தோட்டத்துக்கு யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

மறுபடி மனுப் போட்டதில், கொடைக்கானலில் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். நாத்தனார் சுதாராணியோடு வெள்ளனே பஸ் ஏறினாள்.

டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். "குனிஞ்சு காலைத் தொடுங்கம்மா."

தொட்டாள்.

"நல்லாத்தானே குனியிறீங்க?" பேனா ஓடத் தொடங்கியது.

சுதாராணி பதறிவிட்டாள். "அய்யோ மதினி! கட்டை அவுக்கலையா?"

"என்ன கட்டு?"

பாண்டியம்மாள் தலை நிமிரவில்லை. "துண்டுங்க. மூட்டை தூக்குறப்ப எல்லாரும் இடுப்பை இறுக்கிக் கட்டுவோம். பெரியவுக முன்னால முக்கி முனகக் கூடாதுன்னு இன்னைக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கிட்டேன்."

"வெளங்கும்! நல்லா கவுரவம் பாத்த போ," என்றாள் சுதாராணி.

டாக்டர் பேனாவை வைத்தார். "அதைக் கட்டிக்கிட்டே வேலை பாக்கலாமேம்மா?"

"ஒரு தடவை, ரெண்டு தடவை குனியலாங்க. நாள் பூரா கட்டுனா சோறு எறங்காது, மூச்சு முட்டும்."

திரைக்குப் பின்னால் போய் அவிழ்த்தாள். திருமலைச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டு. எத்தனை துவைத்தும் மண்கறை போகவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து குனிந்தாள். கை முழங்காலோடு நின்றது. அடக்கியும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்துவிட்டது.

டாக்டர் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"இது அழகுக்கில்ல, அவசியம்னு எழுதியிருக்கேன். மேல இருக்கவங்க சரின்னு சொல்லணும். நாளாகும்மா."

"ஆகட்டுங்க."

பஸ் ஸ்டாண்டில் கழிப்பறைச் சுவரோரம் ஒதுங்கி நின்று சுதாராணி துண்டை மறுபடி கட்டிவிட்டாள். மலைப்பாதையில் பஸ் போடுகிற ஆட்டத்துக்கு அது இல்லாமல் முடியாது.

"அண்ணன் போடுற முடிச்சு எனக்கு வரலை மதினி."

"வந்த மாதிரி போடு. ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நின்னாப் போதும்."