வந்துடுச்சு என்றால் ஓட வேண்டும்

போதை மறுவாழ்வு மையத்தின் நிறுவனருக்கு டிராக் சூட்டுகள் பல இருந்தன. எல்லாமே இஸ்திரி மடிப்பு கலையாதவை. அவற்றைப் போட்டுக்கொண்டு அவர் எடுத்துக்கொண்ட படங்கள் வரவேற்பறைச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தன. ஓடுவதுபோல ஒன்று, எடை தூக்குவதுபோல ஒன்று, கயிறு தாண்டுவதுபோல ஒன்று. கயிறு தாண்டும் படத்தை உற்றுப் பார்த்தால் இரண்டு காலும் தரையில்தான் இருக்கும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், வைத்தியம் பலித்தது. வாரா வாரம் ஒரு டாக்டரம்மா வந்து மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார். மற்ற நேரமெல்லாம் ஓட்டம், படியேற்றம், உட்கார்ந்து எழுந்திருத்தல். முதல் சில நாட்கள் எல்லோரும் நிறுவனரின் பரம்பரையையே திட்டுவார்கள். பிறகு பசிக்கும். பிறகு தூக்கம் வரும். பசியும் தூக்கமும் திரும்பி வந்த மனிதன் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வான்.

பலித்ததற்குக் காரணம் ஒரு விதி. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, இங்கே பயிற்சியாளராகச் சேர்ந்திருந்த விசில் மாஸ்டர் போட்ட விதி. நிறுவனர் அதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டு நாலு இடத்தில் பேசியும் விட்டார். விதி இதுதான்: போதைப்பொருள் வேண்டும் என்ற வெறி வந்தால் மறைக்கக் கூடாது. "வந்துடுச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவர், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, வெறி அடங்கும்வரை அவனோடு ஓட வேண்டும்.

"ஏன் மாஸ்டர், அவனைத் தனியா ஓட விட்டா ஆகாதா?" என்று சமையல்காரர் கேட்டார். அவர் கவலை அவருக்கு.

"தனியா விட்டா எங்க ஓடுவான்னு உனக்குத் தெரியாதா?"

சமையல்காரருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே மையத்தில் யாரும் எந்த வேலையையும் முழுதாக முடித்ததில்லை. அடுப்பில் ஏற்றியதெல்லாம் அடிப்பிடித்தது. சமையல்காரரின் தொப்பை இருந்த இடம் தெரியாமல் போய், அவர் மனைவி சந்தேகப்பட்டு ஒருநாள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனாள். முடிவெட்ட வந்தவர் கையில் சீப்போடு ஓட, பாதித் தலை வெட்டப்பட்டவர் துண்டோடு கூட ஓடினார். தண்ணீர் கேன் போடுகிறவர் வாசலிலேயே நின்று, "உள்ள யாருக்காவது வந்திருக்கா? சொல்லிடுங்க, நான் அப்புறமா வர்றேன்" என்று குரல் கொடுத்த பிறகுதான் காலெடுத்து வைப்பார்.

ஓடாதவர் ஒருவர்தான். நிறுவனரின் அறை மேல்மாடியில், இரண்டு கதவுகளுக்குப் பின்னால் இருந்தது. அவர் பக்கத்தில் யாராலும் இருக்க முடியாது.

மையத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தார். ஊரில் யாரும் படியேறக் கூடாது என்பதற்காகவே பாதி வாழ்க்கையைச் செலவிட்டவர். ஒருநாள் லிஃப்ட் குழியில் விழுந்து முதுகில் அடி. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. இப்போது தினமும் படியேறி இறங்குகிறார்.

அவர் மனைவிக்குச் சலவை நிலையத்தில் வேலை. ஆயிரம் பேர் சட்டைப் பையில் மறந்து வைத்ததை எடுத்து எடுத்துப் பழகிய கை. அவளிடமிருந்து ஒன்றை ஒளித்துவைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. ஆனாலும் மனுஷன் ஒளித்துவைத்தார். டார்ச்சுக்குள் பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில். கடிகாரத்தின் முதுகில். கடைசியாக, மகளின் பென்சில் டப்பாவில். ஒவ்வொரு தடவையும் அவளே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தடவையும் அவரிடம் ஒரு கதை தயாராக இருந்தது. பென்சில் டப்பாவுக்கு மட்டும் கதை கேட்க அவள் நிற்கவில்லை. பெட்டியைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டாள்.

போன வாரம் போனில் பேசினாள்.

"உங்க மையத்துல விழாவாமே. அழைப்பு வந்திருக்கு. வர்றேன்."

"அப்படியே என்னைக் கூட்டிட்டுப் போயிடுவியா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"சத்தியமாச் சொல்றேம்மா, நான் இப்ப…"

"சத்தியம் பண்ணாத. நீ பண்ணி வச்ச சத்தியமே வீட்டுல கால் வைக்க இடமில்லாமக் கிடக்கு."

விழா எதற்கென்றால், ஒரு ஆலை முதலாளியம்மா வருகிறார். அவர் மனம் வைத்தால் மையத்துக்கு ஒரு கூடம் நிறைய டிரெட்மில்கள் கிடைக்கும். இயந்திரத்தில் ஓடினால் யாரும் கூட ஓட வேண்டியதில்லை, படமும் நன்றாக விழும் என்பது நிறுவனரின் திட்டம். எல்லோரையும் கூட்டி ஓர் உத்தரவு போட்டார்.

"நாளைக்கு விழா முடியிறவரைக்கும் யாருக்கும் வெறி வரக்கூடாது."

"வந்தா சார்?" என்றார் விசில் மாஸ்டர்.

"வரக்கூடாதுன்னு சொல்றேன். அப்புறம் எப்படி வரும்?"

மாஸ்டர் வாயில் விசிலை வைத்துக்கொண்டார். பதில் சொல்ல விரும்பாத நேரங்களில் அவர் அதைச் செய்வார்.

பிறகு நிறுவனர் மெக்கானிக்கை மாடிக்குக் கூப்பிட்டார். "குணமடைஞ்சவங்க சார்பா நீங்கதான் பேசறீங்க. சுருக்கமாப் பேசினாப் போதும். 'எனக்கு இப்போது அந்த எண்ணமே எழுவதில்லை. எல்லாம் நிறுவனர் அவர்களின் கருணை.' எங்க, சொல்லுங்க பாப்போம்."

"எண்ணம் எழத்தான் செய்யுது சார். நேத்துக்கூட எழுந்துச்சு. சமையல்காரரைக் கேளுங்க, அவர்தான் கூட ஓடினாரு."

"எழுந்தா எழுந்துட்டுப் போகுது. மேடையில எழலைன்னு சொல்லுங்க."

"முன் வரிசையில என் சம்சாரம் இருப்பா சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு! அவங்களும் கேட்டுச் சந்தோஷப்படட்டும்."

மெக்கானிக் படியிறங்கினார். அதே வார்த்தையை, கருணையை மட்டும் கழித்துவிட்டு, அவர் மனைவியிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று நிறுவனருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு தடவை, அதுவும் மைக் வைத்துச் சொன்னால், அவள் எழுந்து போய்விடுவாள். சொல்லாவிட்டால் நிறுவனர் விடமாட்டார்.

விழா நாளில் நிறுவனர் நீல நிற டிராக் சூட்டில் வந்தார். கழுத்தில் பதவி எழுதிய அட்டை. முதலாளியம்மா எளிய பருத்திச் சேலையில் வந்து, போட்ட சோபாவை விட்டுவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மெக்கானிக்கின் மனைவி. சலவை நிலையத்தில் பாதி நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தாள். மடியில் பை. முகத்தில் ஒன்றும் இல்லை.

நிறுவனர் பேசினார். உடலைப் பற்றிப் பேசினார், உலகத்தைப் பற்றிப் பேசினார், பெரும்பகுதி தன்னைப் பற்றிப் பேசினார். கடைசியில் விதிக்கு வந்தார்.

"அருகில் இருப்பவர் ஓடியே தீர வேண்டும்! இங்கே பெரியவர் சிறியவர் என்ற பேதமில்லை. அந்தக் கணத்தில் நானே அருகில் இருந்தாலும், நானும் ஓடுவேன்!"

கைதட்டல். சமையல்காரர்தான் அதிக நேரம் தட்டினார்.

அடுத்து மெக்கானிக்கை அழைத்தார்கள். நிறுவனர், வார்த்தை தவறிவிடக் கூடாதே என்று, அவர் தோளை அணைத்தபடி ஒட்டி நின்றுகொண்டார். மெக்கானிக் மைக்கைப் பிடித்தார். மனைவியைப் பார்த்தார். முதுகின் அடியில் எங்கோ பழைய இடம் விண்ணென்றது. ஒரே ஒரு மாத்திரை இருந்தால் இந்தப் பேச்சை எவ்வளவு அழகாகப் பேசிவிடலாம் என்று தோன்றியது. தோன்றிய மறுகணமே அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்கு இப்போது அந்த எண்ணமே…" என்று ஆரம்பித்தார்.

மனைவி பையின் காதைப் பிடித்தாள். எழப்போகிறாள்.

"வந்துடுச்சு" என்றார் மெக்கானிக், மைக்கில்.

எல்லாத் தலைகளும் நிறுவனர் பக்கம் திரும்பின.

"ஹி ஹி, வேடிக்கைக்குச் சொல்றார்" என்றார் நிறுவனர். "மாஸ்டர், இவரைக் கொஞ்சம்…"

"நான் தூரத்துல இருக்கேன் சார்" என்றார் மாஸ்டர். உண்மைதான். இரண்டடி பின்வாங்கித் தூரமாகியிருந்தார்.

"சமையல்…"

"அடுப்புல இருக்கு சார்!"

முதலாளியம்மா முகம் மலர்ந்திருந்தது. "ஓ, செய்முறை விளக்கமா! அதைத்தான் பாக்கணும்னு நினைச்சேன். ஓடுங்க, ஓடுங்க."

மாஸ்டர் விசில் ஊதினார். மெக்கானிக் நிறுவனரின் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கி, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கிவிட்டார்.

நிறுவனர் முதல் மின்கம்பம்வரை புகைப்படத்தில் இருப்பதுபோலவே ஓடினார். இரண்டாவது கம்பத்தில் நெஞ்சு இறங்கி வயிறு முன்னால் வந்தது. அடுத்த திருப்பத்தில் மூச்சு விசில் மாதிரி வந்தது. தெருநாய் ஒன்று யாரோ கூப்பிடுவதாக நினைத்துக் கூடவே ஓடி வந்தது.

"போதும்ப்பா… அடங்கிடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"பொய்யாவது சொல்லேன்ப்பா!"

"அதான் சார் சொல்லக் கூடாதாம்."

கடைத்தெரு முனையில் நிறுவனரின் முழங்கால் பூட்டிக்கொண்டது. தடுமாறி, கிடைத்த படியில் உட்கார்ந்தார். அது மருந்துக்கடைப் படி.

"தம்பி, கால்… உயிர் போகுது… வலிக்கு ஏதாவது கொடு. நல்லதாக் கொடு!"

சீட்டில்லாமல் தும்மல் மாத்திரைகூடக் கொடுக்காத கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கழுத்து அட்டையைப் படித்தார். போதை மறுவாழ்வு மையம், நிறுவனர். எழுந்து நின்று, மரியாதையாக, உள் அலமாரியிலிருந்து ஓர் அட்டை மாத்திரையை எடுத்து நீட்டினார். நிறுவனர் இரண்டு முறை முயன்றார். பிரிக்க முடியவில்லை.

"மெக்கானிக், இதைக் கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க."

மெக்கானிக் வாங்கிக்கொண்டார். அதே நிறம். அதே எழுத்து. பார்க்காமலேயே கட்டைவிரல் மூலையைக் கண்டுபிடித்துவிட்டது. பத்து மாத்திரைகளும் அவரைப் பார்த்து நலம் விசாரித்தன.

"இது என்ன?"

அவர் மனைவி. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சிரைக்க, பின்னாலேயே ஓடி வந்திருந்தாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக மெக்கானிக்கிடம் உண்மை இருந்தது. அதைப்போல நம்ப முடியாத கதையை அவர் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

"இது என்னோடது இல்லம்மா. நிறுவனரோடது."

"என்னது?"

"அவர்தான் கேட்டு வாங்கினார். பிரிச்சுத் தரச் சொன்னார்."

"போதை மறுவாழ்வு மைய நிறுவனர், மாத்திரை வாங்கி, பிரிச்சுத் தரச் சொல்லி, உன்கிட்ட கொடுத்தாரு. அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"பென்சில் டப்பாவுக்கு இதைவிட நல்ல கதையா யோசிச்சு வச்சிருந்திருப்ப."

மெக்கானிக் நிறுவனரைப் பார்த்தார். சாட்சி சொல்ல வேண்டியவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்றும் அர்த்தம் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம், ஆம்புலன்ஸ் என்றும் கொள்ளலாம்.

இனி விளக்கிப் பிரயோசனமில்லை என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது. விளக்குவதில்தான் அவர் எப்போதும் கெட்டிக்காரர். அதனால்தான் இந்த நிலை. அட்டையை நீட்டினார். அவள் பிடித்த பிறகும் விரலை விடுவிப்பது பெரும்பாடாக இருந்தது.

"அவரோடதுதான். ஆனா எனக்கு வேணும்போல இருக்கு. இப்பக்கூட. இன்னும் கொஞ்ச நேரம் கையில இருந்தா என்ன பண்ணுவேன்னு தெரியல. நீயே வாங்கிக்கோ."

அவள் வாங்கிக்கொண்டாள். திருப்பிப் பார்த்தாள். எத்தனையோ இடங்களில் தோண்டி எடுத்திருக்கிறாள். அவர் கையிலிருந்து அவளுக்கு இது வந்ததே இல்லை. ஒன்றும் குறையாமல் இருந்தது. அட்டையைக் கடைக்காரர் முன்னால் வைத்தாள்.

"உள்ள வைங்க. இவருக்குத் தைலம் போதும்."

அதற்குள் முதலாளியம்மாவின் கார் வந்து நின்றது. இறங்கிப் பார்த்தார். குணமாக வேண்டியவர் நேராக நிற்கிறார், குணப்படுத்துகிறவர் படியில் கிடக்கிறார்.

"அருமையான சிகிச்சை" என்றார். "டிரெட்மில் எதுக்கு? தெருவே போதுமே. பேசாம உங்களுக்கும் மாஸ்டர்கிட்ட ஒரு இடம் கேக்கலாம், வாங்க." டிரைவரும் அவருமாக நிறுவனரைத் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினார்கள்.

கார் போன பிறகும் மனைவி கடைவாசலிலேயே நின்றாள். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள்.

"அடங்கிடுச்சா?"

"பாதி."

"நம்ம தெருமுனையிலயும் ஒரு மருந்துக்கடை இருக்கு. தெரியும்ல?"

"தெரியும். எனக்குத் தெரியாத கடையா?"

"மறுபடி வந்தா?"

"சொல்லிடறேன். நீ இல்லாத நேரம்னா பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயாவது சொல்றேன்."

"அந்த மனுஷனுக்கு மூட்டுவலி."

"அப்போ மெதுவா ஓடுவோம்."

அவள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காததால் அது முடியவில்லை.

"டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டு ஞாயிற்றுக்கிழமை வா. ராத்திரி தங்கு. திங்கள் காலையில நானே கொண்டுவந்து விடறேன். அடுத்தது அப்புறம் பாக்கலாம்."

"ஒரு ராத்திரிதானா?"

"ஒரு ராத்திரிதான். என்ன, கம்மியா?"

"இல்லம்மா" என்றார் மெக்கானிக். "நிறைய."

அவள் பையை அவர் தோளில் மாட்டிவிட்டு, "மீதிப் பாதியும் அடங்கட்டும், வா" என்று முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நடையின் வேகம் கூடியது.