சூஃப்ளே உப்பிய வியாழக்கிழமைகள்

முதல் தடவை வீடு ஒன்றேகால் அடி எழும்பியது. வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. கீழ்த்தளத்தில் பிரெஞ்சு உணவகம் நடத்தும் மூத்தவள், வெண்ணெயும் மாவும் பாலும் சேர்த்துக் கிளறிய கூழில் மஞ்சள் கருவையும் துருவிய சீஸையும் கலந்து, நுரை பொங்க அடித்த வெள்ளைக்கருவைப் பதமாகச் சேர்த்து ஓவனில் வைத்திருந்தாள். உள்ளே சூஃப்ளே உப்ப உப்ப, வீடும் கூடவே கிளம்பியது. தபால்காரர் எக்கி நின்று கடிதத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மாடியில் அப்பா. முப்பது வருஷம் கப்பலில் சமைத்தவர், இடுப்பு ஒடிந்து ஒன்பது வருஷமாகக் கட்டிலோடு கிடந்தார். ஜன்னலுக்கு எதிரே மாவு மில்லின் சுவர். சுவருக்கு அப்பால் கடல். கண்ணை மூடுவதற்குள் அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அவரைக் கட்டிலைவிட்டுத் தூக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"ஏம்மா! செங்கல் அஞ்சு வரி கீழ போயிடுச்சு! விடாதே!" என்று மேலிருந்து குரல் வந்தது. மூத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அத்தனை சந்தோஷம். மத்தியானம் முதல் கரண்டி பட்டு சூஃப்ளே அமுங்கியதும், வீடும் மெல்லத் தரைக்கு இறங்கியது.

அடுத்த வியாழன் பன்னிரண்டு முட்டை. வீடு ஆறடி போய்விட்டது, சுவர் உச்சிக்கு ஒரு சாண்தான் பாக்கி. அப்போது பார்த்து, உணவகத்தில் பரிமாறும் அவள் தம்பி ஓவன் கதவைத் திறந்தான். வேகும்போது அதைத் திறக்கவே கூடாது. சூஃப்ளே பொசுக்கென்று அமுங்கியது, வீடு பொத்தென்று இறங்கியது. மெத்தை புண்ணியத்தில் அப்பாவுக்கு அடி இல்லை. ஆனால் அன்று சூப்பைக்கூடத் தொடவில்லை.

"உன் கை சும்மாவே இருக்காதாடா?"

"கருகுற வாசனை மாதிரி இருந்துச்சுக்கா..." தம்பி அழுதேவிட்டான்.

மூன்றாம் வியாழன் ஐம்பது முட்டை. மஞ்சள் கரு ஒரு சொட்டு கலந்தாலும் நுரை எழாது என்பதால், தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தான். மில்காரர்கள் முறை வைத்து நுரை அடித்தார்கள். ஓவன் கதவைச் சாத்தியதும் தம்பி தானாகவே தெருவுக்குப் போய் நின்றுகொண்டான். வீடு ஏறியது. நாலடி, ஆறடி, ஏழு, எட்டு! தெருவே அண்ணாந்து நின்றது.

"தெரியுது! தெரியுதும்மா! கப்பல் ஒண்ணு போகுது!"

மூத்தவள் ஓவன் முன்னால் உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

இப்போதெல்லாம் வியாழக்கிழமை சாப்பிட வருகிறவர்கள் ஏணி வைத்து ஏறிவருகிறார்கள். தட்டு முன்னால் வந்தாலும், மாடியிலிருந்து அப்பா போதும் என்று சொல்லும்வரை ஒருவரும் கரண்டியைத் தொடுவதில்லை.