தம்பிராசரின் கப்பல்

தாயின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிரியவதனிக்கு முற்றத்தில் 'கப்பல்' என்ற சொல் கேட்டது. செத்த வீட்டில் கப்பலுக்கு என்ன வேலை என்று எட்டிப் பார்த்தாள்.

கனடாவிலிருந்து கம்சிகா என்றொரு பெட்டை வந்திருந்தாள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக் காங்கேசன்துறைக்கு வந்த கப்பலில் இருந்தவர்களில் யார் யார் மிச்சம் என்று தீவு தீவாகத் தேடுகிறாளாம். பந்தலைக் கண்டு திரும்பிப் போகப் பார்த்தவளைப் பக்கத்து வீட்டு மார்க்கண்டர் விடவில்லை. சுருவில் ஊருக்கு வந்த ஆளை விசாரிக்காமல் அனுப்பினால் அவருக்குச் சோறு இறங்குமா?

"பிள்ளை, சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கிறீர். உந்தக் கதிரையில இருக்கிற தம்பிராசா அண்ணைதான் கப்பல். கேளும், நங்கூரத்தில இருந்து சொல்லுவார்."

ஊரில் அந்தக் கதை கேளாத காது இல்லை. கலியாண வீடு, சங்கக் கடை, சலூன் என்று பிரியவதனியின் தகப்பன் தம்பிராசர் அந்தக் கப்பலை ஓட்டாத இடமும் இல்லை. ஆனால் அதில் வந்தது அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை மட்டும்தான். மனைவியைக் கொழும்பில், வெள்ளவத்தையில் விட்டுவிட்டு அவர் கலவரத்துக்கு ஒரு கிழமை முந்தியே வேறோர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டவர். வெங்காயம் உரிக்கும்போது தாய் ஒருநாள் மகளிடம் சொன்னது அது. "அவர் சொல்லிட்டுப் போகட்டும்" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இனி அந்தக் கப்பலில் அப்பா மட்டும்தான் மிஞ்சுவார். அம்மா தனியாக வந்தது இல்லாமலே போய்விடும். அதற்காக அம்மாவைத் தூக்கும் நாளில், சபை நடுவில் அப்பாவைப் பொய்யராக்குவதா? பிரியவதனி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பிராசர் தொடங்கிவிட்டார். "சரியான சனம். மேல்தட்டில இருந்தனாங்கள். நான் மனிசியின்ர கையை விடேல்லை. விடியக் கஞ்சி தந்தவங்கள்…"

நிறுத்தினார். இந்த இடத்தில்தான் எப்போதும் அடுப்படியில், குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வரும்: "கஞ்சி இல்லையப்பா, பாண் துண்டு." கேட்டுக் கேட்டு மனிசிக்கும் பாடமாய்ப் போச்சு என்று ஊர் சிரிக்கும். அடுத்த முறையும் அவர் கஞ்சி என்றுதான் சொல்லுவார்.

தம்பிராசர் குசினிப் பக்கம் பார்த்தார். "கஞ்சி" என்றார் மறுபடியும், கொஞ்சம் உரத்து.

"பாண்" என்றாள் பிரியவதனி. "தண்ணியில தோய்ச்சுத் தின்டது."

கம்சிகா திரும்பினாள். "அக்கா, நீங்களும் அதில வந்தனீங்களோ?"

"ஓம்." தகப்பனைப் பார்க்காமல் சொன்னாள். "அம்மான்ர வயித்துக்குள்ள. நாங்கள் ரெண்டு பேர்தான் வந்தனாங்கள்."

மார்க்கண்டர் பாயில் முன்னுக்கு நகர்ந்து இருந்தார்.

"அம்மான்ர பேர் என்ன, அக்கா?"

பிரியவதனி உள்ளே, தாயின் பக்கம் திரும்பினாள்.

"இலட்சுமிப்பிள்ளை" என்றார் தம்பிராசர். கதிரையை விட்டு எழும்பி, அதை மகள் பக்கம் தள்ளிவிட்டு, கேட்டுக்கொண்டிருந்தவர்களோடு பாயில் போய் இருந்தார்.