ரோஸி டேல் என்கிற பெயர்

அயர்லாந்தின் பல்லினா ஊரில் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்த நோரீன் கில்காய்னைப் பாடகியாக்கியவர் மாலக்கி. ஊர் ஊராகப் போய் நடன அரங்குகளில் வாசிக்கும் ஓர் இசைக்குழுவை நடத்தி வந்தார். ஞாயிற்றுக்கிழமை நடன அரங்கில் அவள் பாடியதைக் கேட்டவர், மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"குரல் தங்கம். பேருதான் உதவாது. நோரீன்னா யாரோ பால் கறக்கிற பொண்ணு மாதிரி இருக்கு. ரோஸி டேல்னு வெச்சுக்குவோம்."

"அப்படி யாருமே இல்லையே," என்றாள் நோரீன்.

"இனிமே இருப்பா."

டப்ளினில் ஒலிப்பதிவு நடந்தபோது அவளுடைய குதிகால் செருப்புச் சத்தம் மைக்கில் விழுந்துகொண்டே இருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஓட்டை. அதை மறைக்க ஒரு பாதத்தின் மேல் மறு பாதத்தை வைத்து, கொக்கு மாதிரி நின்று பாடி முடித்தாள். ஊர் திரும்பியதும் தங்கை இமெல்டாவிடம் இதைச் சொல்ல, இரண்டு பேரும் போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தக் கோடையில் நாடு முழுக்க அந்தப் பாட்டுதான். கடையில், மதுக்கூடத்தில், பேருந்து நிறுத்தத்தில் என்று எங்கே நின்றாலும் ரோஸி டேல். குழுவின் வேன் ஓயாமல் ஓடியது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் அயர்லாந்தில் நடன அரங்குகளை மூடிவிடுவார்கள். அப்போதாவது தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தால், மாலக்கி குழுவைக் கப்பலேற்றி லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் கொண்டுபோனார். ஈஸ்டர் வருவதற்குள் நோரீன் துப்பினால் ரத்தம் வந்தது. கோடை முடியும்வரை பாட்டு மட்டுமல்ல, பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாலக்கி சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்தார். "அரங்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இமெல்டாவுக்கும் அதே செம்பட்டை முடி, அதே உயரம். மேடை விளக்கு கண்ணைக் கூசறப்ப யாருக்குத் தெரியப் போகுது? நீ தேறி வர்றவரைக்கும்தான்."

பேச முடியாத நோரீன் தலையாட்டினாள். எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பதைத் தங்கையின் முதுகில் தட்டித் தட்டி அவளே சொல்லிக்கொடுத்தாள்.

இலையுதிர் காலத்தில் ஒத்திகைக்குத் திரும்பிப் போனாள். பாடிக் காட்டினாள். குரல் கொஞ்சம் கனத்து, கீழே இறங்கியிருந்தது.

"இது வேற குரல், நோரீன்," என்றார் மாலக்கி.

"ரோஸி டேல் நான்தானே?"

"ரோஸி டேல் நான் வெச்ச பேரு. யாரு மேல வெச்சாலும் நிக்கும்."

இமெல்டா வெள்ளி நிற உடையில் நின்று, கைப்பக்கம் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "நான் என்ன பண்ணட்டும்? ரெண்டாவது இசைத்தட்டுக்குப் பாடியாச்சு," என்றாள்.

நோரீன் அம்மாவிடம் போய் அழுதாள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் மாவு பிசைந்தாள். "வெளியாளா வந்து பறிச்சுட்டுப் போனா? உன் தங்கச்சிதானேடி. ஊர்ல வாயைத் திறந்து என் மானத்தை வாங்காதே." ஊரில் வாயைத் திறந்தது அம்மாதான். பாடினது ஆரம்பத்திலிருந்தே சின்னவள்தான், பெரியவள் கூடப் போய் வந்தாள், அவ்வளவுதான் என்று பூசைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். சொல்லச் சொல்ல அதுவே நிலைத்துவிட்டது.

நோரீன் டப்ளினுக்குப் போய் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணமும் ஆனது. கணவனிடம் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "நீ ரோஸி டேலா? அப்ப நான் போப்பாண்டவர்," என்று அவன் சிரித்தான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது வானொலியில் ரோஸி டேலின் பேட்டி வந்தது. காலுறை ஓட்டை, கொக்கு மாதிரி நின்றது, எல்லாவற்றையும் இமெல்டா தன் கதையாகச் சொல்லிச் சிரித்தாள். "இவ்வளவு பேர் வாங்கியும் எவ்வளவு அடக்கம் பாரு," என்றாள் பக்கத்தில் நின்ற சமையற்காரி.

நோரீன் கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தொலைபேசியை எடுத்தாள்.

"அது என் கால், இமெல்டா."

"பேட்டின்னா ஏதாவது சொல்லணுமே. எனக்குன்னு சொல்ல என்ன இருக்கு?"

"அதுக்கு என்னோடதை எடுத்துக்குவியா?"

"நீ ஒரு வருஷம் பாடினே. நான் இன்னிக்கு வரைக்கும் பாடிக்கிட்டிருக்கேன். இப்ப அது யாரோடதுன்னு நீயே சொல்லு."

நோரீன் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அம்மா இறந்தபோதுதான் மறுபடி பார்த்துக்கொண்டார்கள். அடக்கப் பூசைக்கு மாதா கோவில் நிறைந்து வழிந்தது. பாதிப் பேர் ரோஸி டேலைப் பார்க்க வந்தவர்கள். எல்லோரும் வரிசையில் போய் நன்மை அப்பம் வாங்கும் நேரத்தில் மாதா பாட்டைப் பாட இமெல்டா எழுந்தாள். ஆர்கன் முன்னிசையை வாசித்து முடித்தது. அவளுக்குக் குரல் எழும்பவில்லை. மறுபடி வாசித்தார்கள். வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நோரீன் எழுந்து, நின்ற இடத்திலிருந்தே பாடினாள். யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. கனத்த குரல்தான், ஆனால் கடைசி வரிசைவரை போனது. இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிவிட்டார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டில் தேநீரும் பன்றிக்கறி சாண்ட்விச்சும் பரிமாறினார்கள். பின்னாளில் அந்தத் தெருவுக்குக் குடிவந்த மிஸஸ் லவெல் வந்து நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் குரல்லயும் தங்கச்சி சாயல் லேசா இருக்கும்மா. விடாம பாடியிருந்தா நீயும் ஏதாவது ஆகியிருப்பே."

இமெல்டா தேநீர்க் கெண்டியோடு பக்கத்திலேயே நின்றாள். எல்லாம் காதில் விழுந்தது. நோரீன் அவள் முகத்தையே பார்த்தாள். அம்மாவும் இல்லை, மாலக்கி செத்து எத்தனையோ காலமாகிறது. உண்மையைச் சொல்ல இனி யாருக்குப் பயம்?

"சர்க்கரை போடட்டுமா, மிஸஸ் லவெல்?" என்றாள் இமெல்டா.

நோரீன் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயில் நிலையத்துக்கு நடந்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பல்லினாவிலிருந்து இமெல்டாவின் கையெழுத்தில் ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உறையைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிட்டு, வான்கோழி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்த்தாள்.