கரைமேல் நடந்த ஆள்

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் தீட்டுவது வாசுகியின் வேலை. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் வாரத்துக்கு ஆறு நாள் உட்கார்ந்து, கிருஷ்ணனுக்கும் புத்தருக்கும் இமையும் புருவமும் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கே உரியது. விடிந்ததும் மொபெட்டில் படம் வரையும் பலகையைக் கட்டிக்கொண்டு, கருவேப்பிலங்குறிச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஏரிக்குப் போய்விடுவாள். கோரையும் சம்பும் மண்டிய கரை, முங்கி முங்கி எழும் நீர்க்காகம், சேற்றில் புரளும் எருமைகள். எத்தனை தடவை வரைந்தாலும் அவளுக்கு அலுக்காது. “அந்தச் சேத்துத் தண்ணியில அப்படி என்னாதான் இருக்குது?” என்பான் கணவன் விருத்தகிரி. கேட்டுக்கொண்டே வண்டிக்கு பெட்ரோலும் போட்டு வைத்திருப்பான்.

அவள் வரைந்ததிலேயே பெரிய படம் டாக்டர் மோகனப்பிரியாவின் கிளினிக்கில் மாட்டியிருந்தது. 2005 பெருமழையில் ஏரி தளும்பி நின்ற காட்சி. சாம்பல் வானம், விளிம்பு வரைக்கும் தண்ணீர், நீண்ட கரை. கரைமேல் தலையில் சிவப்புத் துண்டோடு ஒரு ஆள் கைவீசி நடந்து போகிறான்.

படம் மாட்டி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு நாள் மத்தியானம், யூனிட் வாசலில் ஒரு பெண் வந்து அவளைக் கேட்டாள். நாற்பது வயதிருக்கும். பேர் பூவாயி. அந்த ஏரிக்கரை ஊர்தான். சர்க்கரைக்கு மாத்திரை வாங்க கிளினிக்குக்குப் போனவள், படத்தைப் பார்த்துவிட்டு நர்ஸிடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள்.

“அந்தப் படம் நீங்க வரைஞ்சதாம்மா? கீழ தேதி போட்டிருக்குதாமே, நவம்பர் இருபத்தேழுன்னு. நர்ஸம்மா படிச்சுக் காட்டினாங்க.”

“ஆமாங்க்கா. அன்னிக்குப் போய்ப் பார்த்துதான் வரைஞ்சேன்.”

பூவாயி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்குத்தாம்மா எங்க வூட்டுக்காரரு ஏரியில போனாரு. மூணு நாள் கழிச்சுத்தான் கெடச்சாரு. காலையில எனக்கும் அவருக்கும் சண்டை. எங்கனா போய்த் தொலைன்னு நான்தான் சொன்னேன். கோவத்துல போய் வுழுந்துட்டாருன்னு ஊரே பேசுது. எங்க மாமியா ரெண்டு வருசமா எங்கூடப் பேசறதில்ல.” அவள் குரல் இறங்கியது. “அந்தப் படத்துல போறது அவருதானம்மா? சாவப் போறவன் அப்படிக் கைய வீசிக்கிட்டு நடப்பானா? கழனியப் பாக்கத்தானே போயிருக்காரு?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசுகியால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. “ஆமாங்க்கா,” என்றாள். “சாதாரணமாத்தான் போனாரு.”

பூவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்து, “ஞாயித்துக்கிழமை வூட்டுக்கு வந்து எங்க மாமியாகிட்ட இத ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க,” என்றாள்.

அன்றைக்கு வாசுகி தீட்டிய கண்கள் ஒன்றுகூட நேராக அமையவில்லை. படத்துக்காகப் போன அந்த மழை நாளில் கரைமேல் யாருமே இல்லை. ஆளை வைத்தது அவள்தான். அத்தனை தண்ணீருக்கு நடுவே ஓர் உயிர் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று, வீட்டில் உட்கார்ந்து கடைசியில் போட்டது. இரவு விருத்தகிரியிடம் சொன்னாள். “நல்லதுக்குச் சொன்னதுதானே, வுடு,” என்றான் அவன். அவளால் விட முடியவில்லை. பழைய பென்சில் நோட்டைத் தேடி எடுத்து அன்றைய பக்கத்தைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது, பூவாயி பஸ் நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். வாசுகி வண்டியை நிறுத்தினாள்; இறங்கவில்லை.

“அக்கா, நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அங்க யாரையும் நான் பாக்கல. அந்த ஆள் நானா வரைஞ்சது.”

பூவாயிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் இறுகிவிட்டது. “இல்லாத ஆள எதுக்கும்மா வரைஞ்ச?”

“அழகுக்குத்தாங்க்கா.”

“அழகுக்கு!” பூவாயி திரும்பி நாலு எட்டு நடந்துவிட்டாள். வாசுகி இறங்கிப் பின்னாலேயே ஓடி, நோட்டைப் பிரித்து நீட்டினாள்.

“பாத்தது இதுதாங்க்கா. இதுல பொய் இல்ல. தண்ணி வழியிற கலிங்கல் பக்கம் கரை உள்ள வாங்கியிருந்துச்சு. மேல பாத்தா புல்லு, கெட்டியாட்டம் தெரியும். அடியில மண்ணே இல்ல. நானே அதுல கால வச்சு முட்டி வரைக்கும் எறங்கிட்டேன். கலர் டப்பா தண்ணியில போச்சு. படத்துல அசிங்கமா இருக்கும்னு கரைய ஒழுங்காக்கி வரைஞ்சுட்டேன்.”

பூவாயி நோட்டை வாங்கினாள். பென்சில் கோட்டில் கரை ஓரிடத்தில் பிளந்து சரிந்திருந்தது. “தோ, இந்த எடந்தான்,” என்று விரல் வைத்தாள். “எங்க கழனிக்கு இது வழியாத்தான் போவணும்.” நோட்டை மூடினாள். பிறகு, “வா,” என்றாள்.

மாமியார் பெரியம்மாள் வாசலில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். மருமகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசுகி தான் யார் என்று சொல்லி, அன்றைக்குப் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டாள். பெரியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நோட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

“அந்த மழையில உனக்கு அங்க என்னா வேலை?”

“தண்ணியப் பாக்கப் போனேங்க.”

“கால் எறங்கிச்சுன்னியே, எப்படி ஏறின?”

“பக்கத்துல ஒரு பனங்கன்னு இருந்துச்சு. அதப் புடிச்சுக்கிட்டு ஏறினேங்க.”

பெரியம்மாள் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவனுக்குக் கையில ஒண்ணும் ஆப்புடல போல,” என்றாள். கண்ணில் நீர் வரவில்லை. நோட்டை மடித்து வைத்துவிட்டு முறத்தை எடுத்தாள். யாரையும் பார்க்காமல், “பூவாயி, இந்தப் பொண்ணுக்கு மோரு கொண்டாந்து குடு,” என்றாள்.

உள்ளே போன பூவாயி உடனே வரவில்லை. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவள் மோரோடு வந்தபோது முகம் கழுவியிருந்தாள். வாசுகி அந்தப் பக்கத்தைக் கிழித்து அவளிடமே கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுவாரம் டாக்டரிடம் அனுமதி கேட்டு, கிளினிக் மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமையில் படத்தைக் கீழே இறக்கினாள். ஆளை வானத்தின் சாம்பலால் மூடினாள். கரையைப் பிளந்து, சரிந்த மண்ணைப் போட்டாள். “முன்ன இருந்ததுதான் பாக்க நல்லா இருந்துச்சு,” என்றார் டாக்டர். “ஆமாங்க டாக்டர்,” என்றாள் வாசுகி.

ஐப்பசியில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து சர்க்கரை பார்க்க வந்திருந்ததாக நர்ஸ் சொன்னாள். படத்துக்கு நேர் எதிரே பெஞ்சில் இடம் இருந்ததாம். பூவாயி அதில் உட்கார்ந்தாள். பெரியம்மாள் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு, கதவோரமாகப் போய், வெளியே பஸ் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாளாம்.