சிரிப்பான்

மாயக்காள் ஊற்றிய மண் கரைத்த தண்ணீர் புருஷனின் கடைவாய் வழியே தலையணையில் இறங்கியது. அவர்களுடைய வாடிப்பட்டி வயல் மண். மண்ணாசை இருந்தால் தீரட்டும் என்று நாத்தனார் மலையம்மாள் கரைத்துக் கொடுத்தது. காலையில் தாலியை உரசிப் பொன் தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது. மூன்று நாளாக முத்திருளன் கண் திறக்காமல் இழுத்துக்கொண்டு கிடந்தார்.

“வேற என்னமோ ஆசை இருக்கு மதினி. அதான் உசுரு போகமாட்டேங்குது.”

அது என்ன ஆசை என்று மாயக்காளுக்குத் தெரியும்.

இருபது வருஷம், வருஷத்துக்கு நாலு மாதம் அவர் கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரத் துரையோடு திரிந்தார். துரை குருவிகளைச் சுட்டுப் பஞ்சடைத்து வைப்பவர். முத்திருளன் சீட்டியடித்தால் புதருக்குள்ளிருந்து சிரிப்பான் குருவி பதில் சொல்லிக்கொண்டே வெளியே வரும். அந்த மலையை விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது.

மேலே ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் மாயக்காள் முதலில் நினைத்தாள். ஒரு தை மாதம் சொல்லாமல் ஏறிப்போய்ப் பார்த்தாள். எவளும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. பொம்பளை என்றால் மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

வீட்டில் ஒருதரம் சீட்டியடித்துக் காட்டச் சொன்னாள். “இங்க எதுக்கு? பதில் சொல்ல யாரு இருக்கா?” என்றார்.

மத்தியானம் சங்கிலி வந்தான். துரையின் தோட்டாப் பையை மலையில் முத்திருளனோடு சேர்ந்து சுமந்தவன். அவர் உதட்டில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தான்.

“மண்ணையா ஊத்துனீக? அண்ணனுக்கு எப்ப மண்ணு மேல ஆசை இருந்துச்சு? நான் ஒருதரம் சிரிப்பான் மாதிரி கூப்பிட்டுப் பாக்கவா மதினி?”

“வேணாம்.”

“எம்புட்டு நேரந்தான் இப்படிக் கெடப்பாரு?” என்றாள் மலையம்மாள்.

“எம் புருசன். கெடந்துட்டுப் போகட்டும்.”

அவர் மூச்சு அரம் போடுவதுபோல அறுத்தது. மாயக்காள் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

“சரி, கூப்பிடு. ஒருதரந்தான்.”

சங்கிலி உதட்டைக் குவித்தான். சீட்டி படிப்படியாக மேலே ஏறி, கடைசியில் குலுங்கிச் சிரித்தது. அவள் அதை இப்போதுதான் கேட்கிறாள். நன்றாக இருந்தது.

முத்திருளனின் கண் திறந்தது. மாயக்காள் குனிந்து அந்தக் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்தாள்.

“இந்தாங்க. நாந்தேன். இங்க பாருங்க.”

பார்வை அவளைத் தாண்டிப் போனது. உதடு குவிந்தது. காற்று மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

மலையம்மாள் தரையில் விழுந்து அழுதாள். சங்கிலி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். மாயக்காள் புருஷனின் இமைகளை மூடினாள். பழைய வேட்டியில் நீளமாக ஒரு துணி கிழித்து, தாடைக்கு அடியில் கொடுத்து உச்சந்தலையில் முடிந்தாள். உதடு குவிந்தபடியே இருந்தது. அவிழ்த்து இன்னும் இறுக்கி முடிந்தாள்.

“மதினி, மெதுவா. வலிக்கும்,” என்றாள் மலையம்மாள் அழுகைக்கு நடுவே.

மாயக்காள் முடிச்சை மறுபடியும் அவிழ்த்தாள்.